பதினொன்றரை மணி வெயில்

இரவு பதினொன்றரை.
ஹாமர்ஃபெஸ்ட்டில் நல்ல வெயில்.
யாரும் கூப்பிடாமல் வந்து
சமையலறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது,
கிளம்பும் எண்ணமே இல்லாத விருந்தாளி.

“தூங்கு” என்றேன்.
“ராத்திரி வரட்டும், தூங்குகிறேன்”
என்றாள் இங்வில்.
ஐந்து வயது. நியாயமாகத்தான் பேசினாள்.
எங்கள் ஊருக்கு ராத்திரி இனி
ஜூலைக் கடைசியில்தான் வரும்.

தூர்டிஸுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி.
(வெயிலில் போகிறவள் அதை எப்படி
‘இரவு’ என்று சொல்லலாம் என்று
தனி வழக்கு ஒன்று நடந்து முடிந்திருந்தது.)

போன வாரம் கறுப்புத் திரைச்சீலை வாங்கி மாட்டினேன்.
உறையில் ‘நூறு சதவீத இருட்டு’ என்று போட்டிருந்தது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான்.
ஓரத்தில் நூலிழை இடைவெளி;
அதன் வழியே ஒரு கோடு உள்ளே வந்து
நேரே ஆஸ்லாக்கின் மூக்கில் ஏறிக்கொண்டது.
அவனுக்கு இரண்டரை வயது.
“மூக்கில் சூரியன்! மூக்கில் சூரியன்!”
துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கும் கேட்டிருக்கும்.

டேப் போட்டு அடைக்கலாம் என்று தேடினால்
சுருளின் அட்டை மட்டும் மிச்சம்.
செவ்வாய்க்கிழமை நான் உரித்துக் கொடுத்த வாழைப்பழத்தை
“உரிக்காத பழமாக்கு” என்று அவன் தரையில் புரண்டபோது
மொத்தச் சுருளும் அந்தப் பழத்துக்கே போயிற்று.
பிறகு அதை அவன் சாப்பிடவில்லை.
“ஒட்டுது” என்றான்.

கைக்குக் கிடைத்தது காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி.
நீலத் திமிங்கிலம் போட்டது, ஒரு பெட்டி.
நான்கை எடுத்து ஒட்டினேன்.
“ஜன்னலுக்கு அடிபட்டுவிட்டதா?”
உடனே இருவரும் கட்டிலைவிட்டு இறங்கி வந்து
ஜன்னலுக்கு முத்தம் கொடுத்தார்கள்.
திரை விலகியது.

எதிர்வீட்டு ஷெல்ஆர்னே
வேலிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.
அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று கலைமான்கள்
அவருடைய டியூலிப் பூக்களை ஒவ்வொன்றாக
ருசி பார்த்துக்கொண்டிருந்தன.

“மான்கள் தூங்கவில்லை.”
“மான்களுக்கு நாளைக்குப் பள்ளி இல்லை.”
“ஷெல்ஆர்னேயும் தூங்கவில்லை.
பெரியவர்களும் தூங்க வேண்டும் என்று நீதான் சொன்னாய்.”
வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது
எனக்குப் பழகிப்போன ஒன்று.
“அவரைப் படுக்கச் சொல். அவர் போனால் நாங்களும் போகிறோம்.”

முப்பது வருடம் மீன்பிடிப் படகில் தலைவராக இருந்தவர்.
அவருக்கு வணக்கம் சொல்லவே எனக்கு உதறும்.
ஜன்னலைத் திறந்து தொண்டையைச் செருமினேன்.
“ஷெல்ஆர்னே, நேரமாகிவிட்டது. போய்ப் படுங்கள்.”

தூரிகையோடு நிமிர்ந்தார்.
என்னைப் பார்த்தார்.
என் இடுப்புயரத்தில், கண்ணாடியில்
இரண்டு மூக்குகள் நசுங்கியிருப்பதைப் பார்த்தார்.
“பல்கூடத் தேய்த்துவிட்டேனே,” என்றார் அழாத குறையாக,
“இன்னும் ஐந்தே நிமிஷம்?”
“முடியாது” என்றாள் இங்வில்.
டப்பாவை மூடிவிட்டுத்
தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பேசினபடி இருவரும் படுத்தார்கள்.
நடுவில் நானும் சாய்ந்தேன்,
அவர்கள் தூங்கும்வரை மட்டும்.

காலை ஏழரைக்குத் தூர்டிஸ் வந்தபோது
எதிர்வீட்டு வேலி முழுக்க வெள்ளையாகியிருந்ததாம்.
இங்வில் உதட்டில் விரல் வைத்து,
“சத்தம் போடாதே அம்மா,
அப்பாவுக்கு மட்டும் ராத்திரி வந்திருக்கிறது” என்றாளாம்.

என் இரண்டு கண்ணிலும் ஆளுக்கொரு திமிங்கிலம்.
பூனை கண்ணை மூடிக்கொண்டால்
பூலோகம் இருண்டுவிடாதுதான்.
அப்பாவின் கண்ணை மூடினால்
பிஸ்கட் டப்பா திறக்கிறது.

வலது கண்ணைத் தூர்டிஸ் பக்குவமாக உரித்தாள்.
இடது கண்ணை ஆஸ்லாக்.
என் புருவத்தில் பாதி
இப்போது அந்தத் திமிங்கிலத்திடம் இருக்கிறது.
ஒட்டிவிடலாம் என்கிறான்,
டேப் மட்டும் வாங்கி வந்தால்.